புழு இல்லாத பாத்தி

மண்வெட்டி இறங்கிய இடத்தில் ஒன்று நெளிந்தது.

அவள் மண்கட்டியை உடைத்துப் பார்த்தாள்.

மண்புழு இருக்கவே கூடாத பாத்தி இது. சுற்றிலும் தகரம் புதைத்து, மூன்று வருஷமாக வாராவாரம் புழு பொறுக்கிய பாத்தி. பக்கத்துப் பாத்தியில் புழுவை விட்டுவைத்திருந்தாள். எந்த மண்ணில் தழைச்சத்து கூடுகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

நேற்று முடிவு வந்தது. இரண்டு மண்ணும் ஒன்றேபோல் இருந்தன.

இன்னொரு கொத்து.

இன்னும் மூன்று. நன்றாகத் தின்று கொழுத்தவை.

பொறுக்கும் வேலைக்கு வைத்திருந்த வேலாத்தா பக்கத்திலேயே நின்றாள்.

"பொறுக்கின புழுவையெல்லாம் எங்கக்கா போட்டீங்க?"

"எண்ணிச் சொல்லீட்டு மறுக்கா இங்கயே உட்டுருவனுங்க மேடம். வெயில்ல வீசுனா செத்துப்போகுமில்லீங்க. வாயில்லாச் சீவன்."

முகத்தில் துளி கள்ளம் இல்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அடிப்பாவி!

கத்த வேண்டும்போல் இருந்தது. மாசக் கடைசியில் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்க என்ன இருக்கிறது?

வரப்பில் பேராசிரியரின் வெள்ளைச் சட்டை தெரிந்தது.

நோட்டைப் பிரித்தாள். வெள்ளிக்கிழமைதோறும் வேலாத்தா சொன்ன எண்ணிக்கை. மரத்தடியில் உட்கார்ந்தபடி இவள் கேட்டு எழுதியது.

முப்பத்திரண்டு.

முப்பது.

முப்பத்துமூன்று.

பக்கம் பக்கமாகப் புரட்டினாள். எங்கும் குறையவே இல்லை. எடுக்க எடுக்கக் குறைய வேண்டாமா? ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே. குஞ்சு பொரித்து வருகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டது இப்போது ஞாபகம் வந்தது. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

பேராசிரியர் குழியைப் பார்த்தார். வேலாத்தாவைப் பார்த்தார். ஆராய்ச்சி கெட்டுப்போனது அவருக்கு விளங்கிவிட்டது.

"கூலியாள் செஞ்ச தப்புன்னா ஒரு வருஷம் கூட வாங்கித் தர்றேன். இவங்களை நிறுத்திட்டு வேற ஆள் போட்டுக்கலாம். உன் தப்புன்னா என்னால ஒண்ணும் முடியாதும்மா."

வேலாத்தாவின் முகம் சுண்டியது.

"நானுங்களா சார்? நான் என்னங்க பண்ணுனேன்?"

பேராசிரியர் மாணவியின் பக்கம் திரும்பினார்.

ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். அது பொய்யும் இல்லை. ஒரு வருஷம் கிடைக்கும். வேலாத்தாவுக்கு வேறு தோட்டத்தில் வேலை கிடைக்காமலா போய்விடும்?

கிடைக்கும் என்று மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்.

வேலாத்தா இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நோட்டை விரித்தபடியே அவரிடம் நீட்டினாள்.

"எழுதினது நான் சார். மூணு வருஷத்துல ஒரு நாள்கூடக் குனிஞ்சு பார்க்கலை."