அந்த மைனஸ் எங்கேருந்து வந்துச்சு?

"சார், ஒரு சந்தேகம்..."

பராமரிப்பு மேலாளர் பல்லைக் கடித்தார். ஐந்து மணி ஆகப்போகிறது. பேராசிரியர் புத்தகத்தை மூடப்போன நேரம் பார்த்து, பக்கத்து நாற்காலிப் பெண் கையைத் தூக்கிவிட்டாள்.

"மூணாவது வரியில அந்த மைனஸ் எங்கேருந்து சார் வந்துச்சு?"

பேராசிரியர் மறுபடி பலகைக்குத் திரும்பினார்.

வேலை பார்ப்பவர்களுக்கான முதுநிலைப் பொறியியல் வகுப்பு அது. சனிக்கிழமைதோறும் இயந்திர அதிர்வுப் பாடம். மேலாளருக்கு நாற்பத்தெட்டு வயது. இந்தப் பாடத்தில் ஏற்கெனவே ஒருமுறை கோட்டை விட்டவர். இந்த முறையும் போனால் படிப்பே போச்சு. வரவேண்டிய தலைமைப் பொறியாளர் பதவியும் கூடவே போகும்.

அவளுக்கு இருபத்தைந்துகூட இருக்காது. வேறு ஏதோ கம்பெனி. வாராவாரம் ஏழெட்டுச் சந்தேகம், அத்தனையும் அரிச்சுவடிச் சந்தேகம்.

"ஸ்பிரிங்கை நாம ஒரு பக்கம் இழுத்தா அது எதிர்ப்பக்கம் இழுக்கும்மா. அதான் மைனஸ்," என்றார் பேராசிரியர்.

"அஞ்சாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும் இது," என்று மேலாளர் பின்வரிசைக்குத் திரும்பி முணுமுணுத்தார். அங்கே அவருக்குக் கீழே வேலை பார்க்கும் இரண்டு பேர். மேலதிகாரி ஜோக்குக்குச் சிரிக்காமல் இருக்க முடியுமா, சிரித்தார்கள். மேலாளர் தலையில் அடித்துக்கொண்டு, அந்த மைனஸையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

வகுப்பு முடிய ஐந்தே கால். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் ஆறே முக்காலுக்கு.

மூன்றாவது வாரமும் பஸ் போனபோது கூடவே பொறுமையும் போனது. நேரே பேராசிரியர் அறைக்குப் போனார்.

"ஒருத்தருக்காக முப்பது பேர் உட்கார்ந்திருக்கோம் சார். லீவு நாளை விட்டுட்டு அரிச்சுவடி படிக்கவா வர்றோம்? இந்தப் பொண்ணை எப்படித்தான் சேர்த்தாங்களோ. என் பேர் வர வேண்டாம், கொஞ்சம் சொல்லி வைங்க."

சொல்லி வைத்தார் போலிருக்கிறது. அடுத்த வாரத்திலிருந்து அவள் வாயே திறக்கவில்லை. பேராசிரியர் மடமடவென்று பலகையை நிரப்பினார், அழித்தார், மறுபடி நிரப்பினார், ஐந்து மணிக்கு டாண் என்று முடித்தார். மேலாளருக்கு பஸ்ஸில் ஜன்னலோரச் சீட்டே கிடைத்தது.

நாலு வாரம் இப்படிப் போனது. பிறகு இடைத்தேர்வு.

விடைத்தாள் கைக்கு வந்ததும் மேலாளருக்கு வியர்த்துவிட்டது. ஐம்பதுக்குப் பதினொன்று. அந்தப் பதினொன்றும் பழைய பாடத்தில் வந்தது. கடைசி நாலு வாரப் பாடத்தில் முட்டை.

பக்கத்து நாற்காலியில் எட்டிப் பார்த்தார். நாற்பத்தெட்டு.

வயிறு எரிந்தது. வகுப்பு முடிந்ததும் படிக்கட்டில் அவளை மடக்கினார்.

"ஏம்மா, இவ்வளவு தெரிஞ்சு வச்சுக்கிட்டு, வகுப்புல ஒண்ணுமே தெரியாத மாதிரி கேட்டு எங்க உயிரை வாங்கினியே. என்ன விளையாட்டு இது?"

அவள் தயங்கினாள். படியில் வேறு யாரும் வரவில்லையே என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். எழுதிட்டே இருப்பீங்க, திடீர்னு நிறுத்திட்டு பலகையையே பார்ப்பீங்க. புரியலைன்னு தெரியும். பின்னாடி உங்ககிட்ட வேலை பார்க்கிறவங்க உட்கார்ந்திருக்காங்க. நீங்க எப்படிக் கையைத் தூக்குவீங்க? அதான் நானே கேட்டுட்டு இருந்தேன்."

மேலாளர் விடைத்தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"யாரோ என்மேல புகார் குடுத்துட்டாங்க சார்," என்றாள் அவள் வருத்தமாக. "அவருக்கு எல்லாமே புரிஞ்சிருக்கும்போல."