பத்து நாள் விருந்தாளி

கால் முறிந்த அந்த நாயைப் பத்து நாள் மட்டும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, விலங்குகள் காப்பகத்திலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்தாள் புது மனைவி. காப்பகத்துக்காரரும் கூடவே வந்தார்.

"வீட்ல ஏற்கெனவே ரெண்டு இருக்குல்ல? இதை உடனே அவுத்து விடாதீங்கம்மா, அதுங்க கடிச்சுக் குதறிடும். பாவம், பைபாஸ்ல அடிபட்டுக் கிடந்துச்சு. வளர்த்தவங்க யாரோ கார்ல கொண்டுவந்து அங்க விட்டுட்டுப் போயிருக்காங்க."

"மனுஷங்களா அவங்கல்லாம்!" என்றாள் அவள்.

பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. கணவனின் இரண்டு நாய்களும் ஓடிவந்து மோந்து பார்த்தன. வாலை ஆட்டிக்கொண்டு அதன் முகத்தை நக்கின. அவளுக்கு ஒரே ஆச்சரியம்.

மாலையில் கணவன் ஆபீஸிலிருந்து வந்தான். அவனைக் கண்டதுதான் தாமதம், அந்த நாய் நொண்டிக்கொண்டே பாய்ந்து வந்து, அழுவதுபோல் முனகியபடி அவன் கையை நக்கியது.

"பாத்தீங்களா, முன்னப்பின்ன தெரியாத உங்ககிட்ட எப்படி ஒட்டிக்குதுன்னு!"

அவன் முகம் வெளுத்தது. தரையைப் பார்த்தபடியே பேசினான்.

"தெரியாததில்ல. எங்கிட்ட மூணு இருந்துச்சு. ரெண்டுக்கு மேல நாய் இருந்தா கல்யாணப் பேச்சே வேணாம்னு உங்கப்பா சொன்னார். இதுதான் மூத்தது. நான்தான் கார்ல ஏத்திட்டுப் போய்..."

நாய் மட்டும் அந்தக் கையை விடாமல் நக்கிக்கொண்டிருந்தது.