சுவிட்ச் யாருடைய கையில்

கிளைடரைக் கழற்றிவிடும் சுவிட்ச் தன் கையில்தான் இருக்க வேண்டும் என்று நிரோஜினி ஒற்றைக்காலில் நின்றாள். போன வருடப் போட்டியில் தவராசா தன் ரிமோட் விமானத்தின் முதுகில் அவளுடைய கிளைடரை ஏற்றிப் போய், பாதி உயரத்திலேயே கழற்றிவிட்டார். அவள் கடைசியாக வந்தாள். கிளைடரைச் சுமக்கக்கூடிய விமானம் வேறு யாரிடமும் இல்லாததால்தான் மறுபடியும் அவரோடு வெள்ளவத்தைக் கடற்கரையில் நிற்கிறாள்.

"சுவிட்ச நீங்களே வைச்சிருங்கோ. ஆனா நான் சொல்லேக்க அமத்தோணும்," என்றார் தவராசா.

"நூறு மீட்டர் ஏறினாப் பிறகு அமத்துவன். நீங்க சொல்லத் தேவையில்லை."

விமானம் கிளைடரைச் சுமந்துகொண்டு கடலுக்கு மேலே ஏறியது. பின்னால் மாத்தறை ரயில் இரைந்துகொண்டு போனதில் விமானத்தின் மோட்டர்ச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

"இப்ப கழட்டுங்கோ," என்று தவராசா கத்தினார்.

ஐம்பது மீட்டர்கூட இல்லை. மேலே ஏற்றாமல் வேண்டுமென்றே பிடித்து வைத்திருக்கிறார் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போன வருஷ விளையாட்டு என்னட்ட சரிவராது."

"கழட்டுங்கோ எண்டுறன்."

அவள் சுவிட்சிலிருந்து விரலையே எடுத்துவிட்டாள். விமானம் மூக்கைக் கவிழ்த்து, கிளைடரோடு கடலில் விழுந்தது.

"எட்டு மாசம் இருந்து செய்தனான். சுவிட்ச நான் வைச்சிருந்ததுக்குப் பழி தீர்த்துப்போட்டீங்க," என்றாள் நிரோஜினி.

"மோட்டர் நிண்டுபோச்சு," என்றார் தவராசா. "என்ர பிளேன் போனாலும் உங்கட கிளைடராவது தப்பட்டும் எண்டுதான் கத்தினனான்."

"அதை அப்பவே சொல்லியிருக்கலாம்தானே?"

"சொன்னா நம்பியிருப்பீங்களோ?"



"இல்லை," என்றாள் நிரோஜினி.