சூடு வராத டிரையர்

"மெஷின் சுத்துது, சூடுதான் வரல. சம்சாரம் வெயில்ல நின்னு கஷ்டப்படக் கூடாதுன்னு ஆசையா வாங்கினது" என்றார் சாத்தப்பன்.

மலேசியாவின் கிள்ளானில் ரிப்பேர் கடை வைத்திருந்த தாவூத், அவர் வீட்டுக்கே வந்து, துணி காயவைக்கும் அந்த டிரையரின் பின்மூடியைக் கழற்றினான். ஹீட்டருக்குப் போகும் வயரை யாரோ கத்தரியால் வெட்டியிருந்தார்கள்.

ஹாலில் போன் அடிக்க, சாத்தப்பன் எழுந்து போனார். அவர் மனைவி நாச்சம்மை பதற்றத்தோடு நெருங்கி வந்தாள்.

"நான்தான் வெட்டினேன். அவர்கிட்ட சொல்லிடாதீங்கண்ணே. இது ஓடுச்சுன்னா நான் வெளியே கால் வைக்கவே முடியாது."

தாவூத் ஒன்றும் புரியாமல் மூடியைத் திரும்ப மாட்டினான்.

"என்ன லா, சரியாச்சா?" என்று கேட்டபடி சாத்தப்பன் வந்தார்.

"பார்ட்ஸ் கிடைக்காது பாஸ். வெளியிலதான் காயப்போடணும்."

சாத்தப்பன் எரிச்சலோடு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, பின்கதவின் பூட்டைத் திறந்தார்.

"கொடியில போட்டதும் உள்ள வந்துடு. யார்கிட்டயும் பேசக் கூடாது."