தாரிகா நீட்டிய கை

தாரிகா மறுபடியும் கையை நீட்டினாள். தகப்பன் சிவதர்ஷனுக்கு வெட்கத்தில் காது சுட்டது.

வீட்டுக்கு வந்திருந்தவர், பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்க்கும் அரியாலைப் பகுதி மருத்துவமாது பராசக்தி. போன மாதம் கிளினிக்கில் அவர் என்ன கேட்டும் இரண்டரை வயதுத் தாரிகா வாயே திறக்கவில்லை. அடுத்த முறையும் இப்படியென்றால் பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் தரவேண்டி வரும் என்று, வரிசையில் நின்ற தாய்மாரின் காதிலெல்லாம் விழும்படி சொல்லியிருந்தார்.

அன்றிலிருந்து தாய் கஜந்தினி கோயிலுக்குக்கூடப் போகவில்லை. கணவன் வேலைக்குப் போனதும் மகளைப் பாயில் இருத்தி, சுவரில் ஒட்டிய படங்களை கோடு போடும் மர அடிமட்டத்தால் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொடுத்தாள். பின்னேரம் அவன் வரும்போது பாடம் முடிந்திருக்கும்.

இன்றைக்குப் பிள்ளை தடங்கலில்லாமல் சொன்னாள். ஐந்து புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். மூக்கு எது, முழங்கால் எது என்று காட்டினாள். சிவப்பு, மஞ்சள் எல்லாம் சரி. ஆனால் நீல வாளியைப் பச்சை என்றாள். உடனே வலது கையை நீட்டினாள். பிறகு, பராசக்தியின் கறுப்புக் குடையையும் பச்சை என்றாள். மறுபடியும் கை நீண்டது.

"பிழையாச் சொல்லிப்போட்டும் கை நீட்டுறா. உவ நல்ல கெட்டிக்காரிதான்," என்று பராசக்தி சிரித்தார்.

சிவதர்ஷனால் சிரிக்க முடியவில்லை. போன கிழமை அண்ணை வீட்டிலும் இதே கூத்து. அண்ணை ஏதோ நிறம் கேட்க, இவள் தெரியாமல் முழித்துவிட்டுக் கையை நீட்ட, அண்ணி ஒரு மாதிரிப் பார்த்தது இன்னும் அவனுக்குள் குத்திக்கொண்டிருந்தது.

அவன் மனைவி பக்கம் திரும்பினான். "நீர் டொபி குடுத்துக் குடுத்தெல்லோ உப்பிடிப் பழக்கி வச்சிருக்கிறீர்? வாறவை போறவையிட்டை எல்லாம் கையேந்துறாள்."

கஜந்தினி தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வைத்த தட்டை மேசையில் வைத்துவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பராசக்தி பதிவுப் புத்தகத்தில் எழுதி முடித்தார். கடிதம் ஒன்றும் தேவையில்லை, ஒரு மாதத்தில் இவ்வளவு சொல்லிக்கொடுத்த தாயை மெச்ச வேண்டும் என்றார். கஜந்தினி அதற்கும் நிமிரவில்லை.

தாரிகாவின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. பராசக்தி தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்தார்.

"அப்பா பேசினால் பேசட்டும். நான் தாறன், இந்தாங்கோ."

சின்ன உள்ளங்கையில் பிஸ்கட்டை வைத்தார். விரல்கள் மூடவில்லை, பிஸ்கட் சறுக்கி நிலத்தில் விழுந்தது. அப்போதுதான் சிவதர்ஷன் குனிந்து மகளின் முகத்தைப் பார்த்தான். அவள் இரண்டு கண்களையும் இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள்.

"அம்மா, மெல்லமா அடியுங்கோ."