இரண்டு அதிகாரிகளுக்கு நடுவே ஒரு நாற்காலி

திரையரங்கில் அவள் நடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

இடப்பக்கம் புருஷன் தண்டபாணி. வலப்பக்கம் தம்பி ஏழுமலை.

இரண்டு பேரும் புதுச்சேரி போலீசில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்கள். ஒன்பது வருடமாகப் பேச்சு கிடையாது.

"உன் தம்பி எதுக்கு வந்தான்?"

"அக்கா, உன் வீட்டுக்காரர் வர்றார்னு நீ சொல்லவே இல்லையே."

"ரெண்டு பேரும் படத்தைப் பாருங்க."

பின் வரிசையில் பாதித் தெரு இருந்தது. பிரெஞ்சுப் படம் எங்களில் யாருக்குப் புரியும்? ஆனால் இதை விட்டுவிட்டு வீட்டில் உட்கார முடியுமா?

சண்டை ஒரு சங்கிலித் திருடனால் வந்தது. பிடித்தது இவரா, அவரா என்று. பாராட்டுப் பத்திரம் ஏழுமலைக்குப் போயிற்று. தண்டபாணி மச்சினன் வீட்டு வாசலை மிதிப்பதை நிறுத்தினார்.

அந்தத் திருடன் தண்டனை முடிந்து வந்து இப்போது முத்தியால்பேட்டையில் இளநீர் விற்கிறான். இரண்டு வீட்டுக்கும் அவன்தான் வெட்டிக் கொடுக்கிறான். இரண்டு பேருக்கும் வணக்கம் வைக்கிறான்.

வெள்ளிக்கிழமை அவள் மகளுக்குக் கல்யாணம்.

தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் அவர்கள் வீட்டில் பெண் மேடை ஏறுவதில்லை. தண்டபாணி போய் அழைக்கமாட்டார். அவர் அழைக்காமல் ஏழுமலை வரமாட்டார்.

அழுகிற ஆள் இல்லை அவள். ஆளுக்கொரு பொய் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக் காட்சிக்கு இரண்டு பேரையும் வரவழைத்தாள்.

படம் இரண்டு போலீஸ் அதிகாரிகளின் போட்டியைப் பற்றியது. கடைசியில் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள் என்று அவளுக்கு நிச்சயம். சுவரொட்டியிலேயே பார்த்தாளாம்.

விளக்கு அணைந்தது.

படம் மகா மட்டம்.

மழை. சிகரெட். மறுபடி மழை. ஒரு கொலை நடந்தது. படம் எடுத்தவர்களே அதை மறந்துவிட்டார்கள். ஒருவன் ஜன்னலில் நின்று வெறித்தான். அவன் வெறிப்பதை மற்றவன் காரிலிருந்து வெறித்தான்.

சுவரொட்டிக் காட்சி பாதியிலேயே வந்தது. கட்டிப்பிடிக்கவில்லை. ஒருவன் மற்றவனின் காலரைப் பிடித்து உலுக்கினான்.

எங்கள் வரிசையில் யாரோ கனைத்தார்கள்.

அவள் முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டாள்.

கொலைத் துப்பாக்கி கிடைத்தது. அதிகாரி குனிந்து எடுத்தான். கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு நடந்தான்.

"மகஜர் எங்கேடா?" என்றார் தண்டபாணி.

"ரெண்டு சாட்சி கையெழுத்து?" என்றார் ஏழுமலை.

ஒரே நொடியில். அரங்கம் முழுக்கக் கேட்டது.

ஒரு பொருளைக் கைப்பற்றினால் அந்த இடத்திலேயே உட்கார்ந்து மகஜர் எழுதி, இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கியாக வேண்டும். முப்பது வருடம் அதை எழுதிய கைகள்.

"கோர்ட்ல நிக்காது." தண்டபாணி திரையைப் பார்த்துத்தான் சொன்னார்.

"வெறுங்கையால வேற எடுக்குறான், கூமுட்டை." ஏழுமலையும் திரையைப் பார்த்துத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு படம் எங்களுக்குக் கேட்கவில்லை. கொலை நடந்த வீட்டுக்குக் காவல் போடவில்லையாம். பிணத்தைத் தாண்டிப் போகிறானாம். விசாரணைக்குக் கூப்பிட்டவனுக்கு ஒயின் ஊற்றுகிறானாம். இண்டர்வெல் வருவதற்குள் பாரிஸ் போலீஸ் மொத்தத்தையும் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்.

அவள் நாற்காலியில் நன்றாகப் பின்னுக்குச் சாய்ந்துகொண்டாள். பேச்சு போய் வர வழி வேண்டுமே.

திரையில் கடைசிவரை அந்த இருவரும் சேரவில்லை. ஒருவனுக்கு மாற்றல் வந்தது. அவ்வளவுதான் முடிவு.

வெளியே இன்னும் வெயில் இருந்தது. வெயிலில் இரண்டு பேருக்கும் பகை ஞாபகம் வந்துவிட்டது. ஆளுக்கொரு பக்கம் பார்த்து நின்றார்கள்.

நாங்கள் கலையவில்லை. சுவரொட்டியை வாசித்தோம்.

ஏழுமலை சாலையைப் பார்த்துக் கேட்டார்: "வெள்ளிக்கிழமை அந்த மண்டபத்து வாசல்ல டிராஃபிக் யாரு பாக்குறது?"

தண்டபாணியும் சாலையையே பார்த்தார்.

"பொண்ணைப் பெத்தவன் நானா நிக்க முடியும்?"

ஒரு ஷேர் ஆட்டோ வந்தது. ஓர் ஆளுக்குத்தான் இடம் என்றான் டிரைவர்.

அவள் ஏறிப் போய்விட்டாள்.

ஏழுமலையின் ஸ்கூட்டரில் பின் சீட் காலியாக இருந்தது.