கறி இல்லாத ஞாயிறு

மணம் என்னவோ அசல் வெள்ளாட்டுக்கறிக் குழம்புதான். ஈஸ்வரமூர்த்தி இட்லியை ஒதுக்கிவிட்டு, ஆசை ஆசையாக ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். நனைந்த பஞ்சு மாதிரி நசுங்கியது.

“ஏங்கண்ணு, என்ன இது?”

“மீல்மேக்கருங்கப்பா. கறி மசாலா போட்டு நாந்தான் வெச்சேன்” என்றாள் மகள் சண்முகப்ரியா. பொள்ளாச்சியில் பள்ளிக்கூட டீச்சர், பாடம் சரித்திரம். அப்பாவுக்கு இதய ஆபரேஷன் என்றதும் லீவு போட்டுவிட்டு வெள்ளகோவிலுக்கு ஓடிவந்தவள்.

அவர் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் மளமளவென்று பேச ஆரம்பித்தாள். “சீனாவுல புத்த மடத்துச் சாமியாருங்க அந்தக் காலத்துலயே கோதுமை மாவுல கறி மாதிரியே செஞ்சு சாப்பிட்டாங்களாமுங்கப்பா. ஜப்பான்ல ஒரு ராஜா கறி திங்கறதுக்கே தடை போட்டாராமா. முக்கோணக் கணக்குச் சொன்ன கிரேக்கருகூட…”

“அவங்களுக்கெல்லாம் நெஞ்சைக் கிழிச்சுத் தெச்ச டாக்டரு கோழிச்சாறு குடியுங்கன்னு சொல்லலை கண்ணு. எனக்குச் சொல்லியிருக்கறாரு.”

சண்முகப்ரியாவுக்குப் பாடம் மறந்துபோயிற்று. தண்ணீர் எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

அங்கேதான் அவருக்கு உறுத்தியது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் எல்லார் காதிலும் விழத்தான் சொன்னார். நாட்டுக்கோழி சாப்பிடலாம், தெருவில் கொஞ்சம் நடக்கலாம், மனசை மட்டும் அலட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டுக்கு வந்து பார்த்தால் கறிச்சட்டி பரண்மேல் ஏறியிருக்கிறது.

மனைவி ராசாத்தாள் சட்னி வைக்க வந்தாள்.

“ஏம்புள்ள, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா எனக்குப் பஞ்சு போடறீங்க. நம்ம பையன் கதிர் இருந்திருந்தா இந்நேரம் முஜீப் கடைக்குப் போயிட்டு வந்திருப்பான். சூரத்துல இருந்து எப்ப வாரானாம்?”

“தறிச் சாமான் வாங்கப் போனவன், வாங்குனாத்தானுங்க வருவான். மாரியாத்தாளுக்கு நேர்ந்திருக்கறோமுங்க. கொஞ்ச நாளைக்கு ஊட்டுல கவுச்சி வேண்டாமுங்க” என்றவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போனாள்.

நேர்த்திக்கடனா? யாருக்காக? வீட்டில் நெஞ்சைப் பிளந்துகொண்டு வந்தவர் அவர் ஒருவர்தான்.

கை கழுவிவிட்டு மெல்ல எதிர்வீட்டுக்கு நடந்தார். தம்பி ஐயாசாமி கறி இல்லாத ஞாயிற்றுக்கிழமையை ஞாயிற்றுக்கிழமையாகவே ஒப்புக்கொள்ளாத ஆள். அவன் தட்டில் இட்லியும் தட்டைப்பயிறு கத்தரிக்காய்க் குழம்பும் இருந்தன.

“நீயுமாடா?”

“மனசு வரலீங்ணா” என்றவன் அண்ணன் முகத்தைப் பார்க்காமலே பாதித் தட்டோடு எழுந்துவிட்டான்.

அதற்கடுத்த பங்காளி வீட்டிலும் கீரை வதங்குகிற வாசம்தான் வந்தது. அதற்கும் அடுத்த வீட்டில் பருப்பு கடைந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் உயிருக்காக ஒரு வம்சமே வாயைக் கட்டியிருக்கிறது என்றால் அந்த உயிர் எவ்வளவு மோசமான நிலையில் இருக்க வேண்டும்! டாக்டர் கைவிரித்திருப்பார். இல்லாவிட்டால் எதற்காக வீட்டில் இவருடைய செல்போனைப் பிடுங்கி வைத்திருக்கிறார்கள்?

பயம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். போகிற உயிர் அரைக் கிலோ கறி தின்றுவிட்டே போகட்டுமே. விறுவிறுவென்று நடக்க முடியாததால், மெதுவாக, ஆனால் கோபமாகவே தெருமுனைக் கறிக்கடைக்கு நடந்தார்.

குழாயடியில் பேசிக்கொண்டிருந்த பெண்கள் அவரைக் கண்டதும் சட்டென்று நிறுத்தினார்கள். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஊருக்கே தெரிந்திருக்கிறது, தனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

கறிக்கடைக்கார முஜீப், ஈஸ்வரமூர்த்தியின் மகன் கதிரோடு ஒன்றாகப் படித்தவன். அவரைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து ஸ்டூலை எடுத்துப் போட்டான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

“முஜீப், எதையும் ஒளிக்காமச் சொல்லு. நான் இன்னும் எத்தனை நாளைக்குன்னு உனக்கும் தெரியுமா?”

“என்ன பேச்சுங்கய்யா இது? ஆபரேசன் நல்லா ஆயிருச்சுன்னுதானுங்க எல்லாரும் சொன்னாங்க. உங்க ஒடம்புக்கு ஒரு கொறையும் இல்லீங்க.”

பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. ஈஸ்வரமூர்த்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

“அப்புறமென்ன, நல்லி எலும்பாப் பாத்து அரைக் கிலோ போடப்பா!”

முஜீப் நகரவில்லை. கறி வாங்க நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“ஊட்டுல உங்கிட்டயும் சொல்லி வெச்சுட்டாங்களா, எனக்குக் கறி குடுக்காதேன்னு?”

“ஆரும் சொல்லலீங்கய்யா” என்று அவர் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான் முஜீப்.

“கதிரோட கருமாதி முடியாம, உங்க ஊட்டுக்கு நான் எப்படிங்கய்யா கறி வெட்டுவேன்?”